தீர்ப்பைத் தேடும் வழி

கண்டி நகரிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாக மாத்தளைக்குச் செல்லும் பெருஞ்சாலையில், நகரின் வடபுறத்தே அமைந்துள்ளது மஹய்யாவ. மாநகர சபையின் துப்புரவுப் பணியில் தலைமுறை தலைமுறையாக உழைத்துவந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கு வாழ்கின்றன. வேறு தொழில் செய்வோரும், வேறு மொழி பேசுவோரும் அயலில் உள்ளனர். சரிவான நிலம், நெருக்கமான வீடுகள். இத்தகைய இடத்தில் ஒரு சிறு துண்டு நிலமாயினும் அதன் உரிமை பற்றிய கேள்வி ஒரு குடும்பத்தின் அமைதியைக் குலைத்துவிடக்கூடும்.

உதாரணமாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். தந்தை உறுதி முடித்து வாங்கிய சிறு காணி; அதில் ஒரு வீடு. அவர் மரண சாசனம் எழுதாமலே காலமாகிவிட்டார். மூத்த மகன் வீட்டில் தங்கினான். மகள் மணமுடித்து ஹட்டனுக்குச் சென்றாள். முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. மண்சுவரை இடித்துக் கல்லால் கட்டியவரும், ஆண்டுதோறும் சோலை வரி செலுத்தியவரும் அண்ணனே. இப்பொழுது தங்கையின் மகன் வந்து, “அம்மாவின் பங்கு என்னவாயிற்று, மாமா?” என்று கேட்கிறான். மாமாவோ, “பத்து வருஷம் ஆண்டு வந்தாலே காணி சொந்தம் என்று சட்டம் சொல்கிறதே, தம்பி, நான் முப்பத்தைந்து வருஷம் ஆண்டிருக்கிறேன்” என்கிறார்.

மாமா சொல்லும் சட்டம் உண்மையில் உள்ளதே. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பிறருடைய உரிமைக்கு எதிராக, இடையூறின்றியும் இடையறாமலும் பத்தாண்டுகள் அசையாச் சொத்தொன்றை ஆண்டு வந்தவருக்கு அதன் உரித்தைத் தருகின்றது. ஆனால் “எதிராக ஆளுதல்” என்றால் என்ன? கூடப் பிறந்தவளுக்கு எதிராக அண்ணன் எப்பொழுது ஆளத் தொடங்கினான்? இதற்குச் சட்டத்தின் வாசகத்துள் விடை இல்லை. விடை, நூற்றாண்டுக்கு மேலாக நீதிமன்றங்கள் வழங்கிய தீர்ப்புகளில் இருக்கின்றது. பாராளுமன்றம் இயற்றிய சட்டம் எலும்புக்கூடு என்றால் தீர்ப்புகளே அதன் தசை. மேல்மட்ட நீதிமன்றம் ஒரு கேள்விக்குக் கூறிய விடை, அதே கேள்வி மீண்டும் எழும்போது கீழ்மட்ட நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தும். இதனையே முன்தீர்ப்பு என்பர்.

இம்முன்தீர்ப்புகள் ஒரு காலத்தில் தோல் அட்டையிட்ட தடித்த தொகுதிகளாகச் சட்டத்தரணிகளின் அலுமாரிகளில் மட்டுமே காட்சியளித்தன. கட்சிக்காரர் அத்தொகுதிகளின் முதுகைத்தான் பார்த்திருப்பார்; உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை அறியார். இன்று நிலைமை வேறு. 1992இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் சட்டத்தை இணையத்தில் இலவசமாக வழங்கும் முயற்சி தொடங்கிற்று. 1995இல் அவுஸ்திரேலியாவில் அதனைப் பின்பற்றி ஒரு நிறுவனம் எழுந்தது. அந்த அவுஸ்திரேலிய நிறுவனம் நடத்தும் ‘கொமன்லி’ என்னும் தளத்தில் பொதுநலவாய நாடுகள் பலவற்றின் தீர்ப்புகளோடு இலங்கைத் தீர்ப்புகளும் உள்ளன. இலங்கை நீதி அமைச்சின் ‘லோநெட்’ என்னும் தளமும் பழைய தீர்ப்புத் தொகுதிகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தது. அண்மைக்காலத் தீர்ப்புகளை உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் தத்தம் தளங்களிலேயே வெளியிடுகின்றன. ஒன்றில் அகப்படாதது மற்றொன்றில் அகப்படும். இவற்றுக்குக் கட்டணம் இல்லை. கைப்பேசியொன்று போதும், அதுவும் இல்லாதவர் நூலகத்தையோ பிள்ளைகளின் உதவியையோ நாடலாம்.

தேடுவதற்கு முன் ஒரு சிறு குறியீட்டை அறிந்துகொள்ள வேண்டும். தீர்ப்பொன்றின் முகவரி மூன்று உறுப்புகளைக் கொண்டது: தொகுதியின் எண், அறிக்கையின் பெயர், பக்கத்தின் எண். “15 நியூ லோ ரிப்போர்ட்ஸ் 65” என்றால், நியூ லோ ரிப்போர்ட்ஸ் என்னும் வரிசையில் 15ஆம் தொகுதியின் 65ஆம் பக்கத்தில் அத்தீர்ப்பு தொடங்குகிறது என்பது பொருள். இவ்வரிசை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி 1970களில் எண்பது தொகுதிகளோடு நின்றது. அதன்பின் வந்தவை ஸ்ரீலங்கா லோ ரிப்போர்ட்ஸ் என்னும் பெயர் பெற்றன. இவற்றில் ஆண்டும் சேர்த்து எழுதப்படும். ஓராண்டிலேயே இரண்டு மூன்று தொகுதிகள் வெளிவருவதே அதற்குக் காரணம். வீட்டு இலக்கமும் தெருப் பெயரும் தெரிந்த தபாற்காரனுக்கு வீட்டைக் கண்டுபிடிப்பது எத்துணை எளிதோ, முகவரி தெரிந்தவருக்குத் தீர்ப்பைக் கண்டுபிடிப்பதும் அத்துணை எளிது.

முகவரி தெரியாதவர் என் செய்வது? சொற்களைக் கொண்டு தேடவேண்டும். தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருப்பதால் சொற்களும் ஆங்கிலச் சொற்களாகவே இருத்தல் வேண்டும். மஹய்யாவ மருமகனுக்கு வேண்டிய சொற்கள் மூன்று: ஆட்சியுரிமையைக் குறிக்கும் ‘பிரஸ்கிரிப்ஷன்’, கூட்டுரிமையாளரைக் குறிக்கும் ‘கோ-ஓனர்’, உரிமையாளரைப் புறந்தள்ளுதலைக் குறிக்கும் ‘அவுஸ்டர்’. ‘அண்ணன்’, ‘வீடு’ என்ற சொற்களை இட்டுத் தேடினால் ஆயிரம் வழக்குகள் வந்து குவியும், எதுவும் உதவாது. ஆட்களின் பெயர் கொண்டு தேடுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரே சிங்களப் பெயரை, ஒரே தமிழ்ப் பெயரை, பழைய எழுதுவினைஞர் நான்கு விதமாக ஆங்கிலத்தில் எழுதியுள்ளனர். அச்சுத்தாளைப் படம்பிடித்து எழுத்தாக மாற்றிய இயந்திரமும் தன் பங்குக்குச் சில எழுத்துகளை மாற்றிவிட்டது. ஒருமுறை தேடிக் கிடைக்கவில்லை என்று கைவிடலாகாது.

மருமகன் தேடுகிறான். 15 நியூ லோ ரிப்போர்ட்ஸ் 65 அகப்படுகிறது. கொரயா எதிர் இசேரிஸ் அப்புஹாமி; 1911இல் இலண்டனிலிருந்த கோமறைக் கழகம் தீர்த்த வழக்கு. மரண சாசனம் இன்றி இறந்த ஒருவரின் காணியை அவருடைய சகோதரர் இசேரிஸ் நெடுங்காலம் தனியாக ஆண்டு வந்தார். ஏனைய உரித்தாளிகளின் பங்கைப் பெற்ற கொரயா வழக்குத் தொடுத்தார். இலங்கை உயர் நீதிமன்றத்தின் முடிவை மாற்றிக் கோமறைக் கழகம் கொரயாவுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மெக்நாட்டன் பிரபு கூறிய காரணம் தெளிவானது: கூட்டுரிமையாளர் ஒருவரின் ஆட்சி, சட்டத்தின் கண்ணில், கூட்டுரிமையாளர் அனைவரின் ஆட்சியாகும், ஏனையோரைப் புறந்தள்ளியதாகவோ அதற்கு ஒப்பான செயலொன்றைச் செய்ததாகவோ காட்டினாலன்றி, அவர் தம் மனத்துள் எண்ணிக்கொண்ட எண்ணத்தால் மட்டும் அவ்வாட்சி எதிரான ஆட்சியாக மாறிவிடாது.

மருமகன் மகிழ்கிறான். அம்மாவின் பங்கு பத்திரமாயிருக்கிறது என்று நினைக்கிறான். இங்கேதான் பெரும்பாலோர் தேடலை நிறுத்திவிடுகின்றனர். தமக்குப் பிடித்த விடை கிடைத்ததும் புத்தகத்தை மூடிவிடுவது மனித சுபாவம்.

மாமாவின் பேரனும் கைப்பேசி வைத்திருக்கிறான். அவன் கையில் அகப்படுவது 21 நியூ லோ ரிப்போர்ட்ஸ் 12: திலகரத்ன எதிர் பஸ்தியன், 1918. பிரதம நீதியரசர் பேர்ட்ராம் அவ்வழக்கில் கொரயா வழக்கை மறுக்கவில்லை. மறுக்கவும் இயலாது, ஏனெனில் அது தமக்கு மேலான மன்றத்தின் தீர்ப்பு. ஆயினும், ஆட்சி மிக நீண்ட காலம் தனித்து நடந்திருக்குமாயின், வழக்கின் சூழ்நிலைகள் அதற்கு இடமளிக்குமாயின், எப்பொழுதோ ஒரு காலத்தில் புறந்தள்ளல் நிகழ்ந்துவிட்டது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்றார். பேரனும் மகிழ்கிறான்.

இருவர் கையிலும் உண்மையான தீர்ப்புகள். இருவரும் படித்தவை சரியானவை. இருவரும் பாதி வழியில் நிற்கிறார்கள். அடுத்துச் செய்யவேண்டியது யாதெனில், இவ்விரண்டு தீர்ப்புகளையும் பின்வந்த நீதிபதிகள் எவ்வாறு கையாண்டனர் என்று தேடுவது. வழி கடினமன்று. தளத்தின் தேடற்பெட்டியில் பழைய வழக்கின் பெயரையே இட்டால், அதனை எடுத்தாண்ட புதிய தீர்ப்புகள் வந்து நிற்கும். 61 நியூ லோ ரிப்போர்ட்ஸ் 361இல் 1959ஆம் ஆண்டின் அப்துல் மஜீத் எதிர் உம்மு சனீரா வழக்கு உள்ளது. நீண்டகால ஆட்சி ஒன்றே போதாது, அதனோடு வேறு சிறப்பான சூழ்நிலைகளும் நிரூபிக்கப்பட வேண்டும் என்று அதில் கூறப்பட்டது. 1983ஆம் ஆண்டின் இரண்டாந் தொகுதி ஸ்ரீலங்கா லோ ரிப்போர்ட்ஸில் 399ஆம் பக்கத்தில் மரியா பெரேரா எதிர் அல்பேர்ட் பெரேரா வழக்கு உள்ளது. கூட்டுரிமையாளர் ஒருவர் தனித்து ஆண்டதும் பலனை அனுபவித்ததும் மட்டும் போதா, வெளிப்படையான செயலொன்று வேண்டும் என்னும் போக்கையே அங்கும் காணலாம்.

ஆகவே மஹய்யாவ வழக்கின் உண்மையான கேள்வி “எத்தனை வருஷம்?” என்பதன்று. மாமா வீட்டை இடித்துக் கட்டியபோது தங்கையிடம் கேட்டாரா? அவள் பங்கு கேட்டபோது என்றாவது மறுத்தாரா? காணியை முழுதும் தமதென்று சொல்லி உறுதி எழுதினாரா, ஈடு வைத்தாரா? பலாக்காயோ தேங்காயோ தங்கை வீட்டுக்கு அனுப்பிவந்தாரா? தீபாவளிக்குத் தங்கை வந்து தங்கியபோது பிறந்தவீடு என்ற உரிமையோடு தங்கினாளா? தீர்ப்புகளைப் படித்தவருக்கே இக்கேள்விகள் தோன்றும். சட்டத்தரணியின் வாயிலுக்குச் செல்லும்போது “எனக்கு நியாயம் வேண்டும்” என்று சொல்வதற்கும், இவ்விடைகளை ஒரு தாளில் எழுதிச் செல்வதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது.

இதே மஹய்யாவயில் இன்னொரு வகைக் குடியிருப்பும் உண்டு. பாட்டனார் மாநகர சபையில் வேலைக்குச் சேர்ந்தபோது தங்கக் கொடுத்த இடம். தகப்பனார் அங்கேயே பிறந்தார். பேரனும் அங்கேயே இருக்கிறான். அறுபது ஆண்டுகள் இருந்துவிட்டோம், இனி இது எமது சொத்து அல்லவா என்று அவர்கள் நினைப்பது இயல்பு. அவர்கள் படிக்கவேண்டிய தீர்ப்புகள் வேறு. 1898இல் தீர்ந்த மடுவன்வெல எதிர் எக்னெலிகொட வழக்கு, 3 நியூ லோ ரிப்போர்ட்ஸ் 213. பிறருடைய அனுமதியோடு உட்புகுந்தவர், வெளிப்படையான செயலொன்றினால் அத்தன்மையை மாற்றும் வரை, அனுமதியோடு இருப்பவராகவே கருதப்படுவார் என்று அதில் பிரதம நீதியரசர் பொன்சர் கூறினார். 1957இல் டி சொய்சா எதிர் பொன்சேகா வழக்கிலும், 58 நியூ லோ ரிப்போர்ட்ஸ் 501, இதே கருத்து உறுதிபெற்றது. அரசாங்கக் காணியானால் கேள்வியே எழாது. ஆட்சியுரிமைச் சட்டம் அரசின் உரிமையைத் தீண்டுவதில்லை. இது கசப்பான செய்தியே. ஆயினும் வெல்ல முடியாத வழக்கில் பணத்தைக் கொட்டிய பின் அறிவதைவிட, வீட்டுறுதி தருமாறு சபையிடமும் அரசிடமும் முறையாக மன்றாடுவதே வழி என்று முன்னரே அறிவது மேலானது. அங்கே போராட்டம் நீதிமன்றத்தில் அன்று, கொள்கையில்.

கண்டி போன்ற நகரில் தேடுவோர் வேறொரு தடுமாற்றத்துக்கும் ஆளாகின்றனர். ஒரே தெருவில் நான்கு வீடுகள். நான்கு வீட்டாருக்கும் உரித்துரிமைச் சட்டம் வெவ்வேறு. கண்டியச் சிங்களவருக்கு 1938ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு கூடிய கண்டியச் சட்டம். முஸ்லிம்களுக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த உத்தியோகத்தருக்குத் தேசவழமை. மலையகத் தமிழருக்கு 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். “தமிழர் சொத்து” என்று தேடித் தேசவழமைத் தீர்ப்பொன்றைக் கண்டெடுத்து அதனைத் தம் குடும்பத்துக்குப் பொருத்திக்கொள்ளும் மலையகத் தமிழர் வழி தவறிவிடுவார். தேசவழமை இலங்கைத் தமிழர் எல்லாருக்கும் உரியதன்று, வடபகுதி வாசிகளான தமிழருக்கே உரியது என்பதை 1913இலேயே ஸ்பென்சர் எதிர் இராசரத்தினம் வழக்கு, 16 நியூ லோ ரிப்போர்ட்ஸ் 321, எடுத்துரைத்தது.

ஒரு தீர்ப்பு கடைசித் தீர்ப்புத்தானா என்று பாராமல் நம்பினால் என்ன நேரும் என்பதற்குத் தமிழ் நேயர் பலரும் அறிந்த கோடீஸ்வரன் வழக்கே சான்று. சிங்களப் பரீட்சையில் தேறாமையால் சம்பள உயர்ச்சி நிறுத்தப்பட்ட தமிழ் அரசாங்க ஊழியர் கோடீஸ்வரன் சட்டமா அதிபருக்கு எதிராக வழக்கிட்டார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிரெட்சர் அவருக்குச் சார்பாகத் தீர்த்தார். 1967இல் உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. அரசாங்க ஊழியர் தம் சம்பளத்துக்காக அரசின்மேல் வழக்கிட இயலாது என்றது. அது 70 நியூ லோ ரிப்போர்ட்ஸ் 121இல் அச்சாகியுள்ளது. அதைப் படித்து நிறுத்தியவர் கோடீஸ்வரன் தோற்றார் என்றே எண்ணுவார். 1969இல் கோமறைக் கழகம், டிப்லொக் பிரபுவின் வாயிலாக, வழக்கிடலாம் என்று தீர்த்ததை 72 நியூ லோ ரிப்போர்ட்ஸ் 337இல்தான் காணலாம். அதையும் கவனமாகப் படிக்கவேண்டும். மொழிச் சட்டம் செல்லுமா செல்லாதா என்ற பெரிய கேள்வியைக் கோமறைக் கழகம் தொடவில்லை. உயர் நீதிமன்றமே ஆராயட்டும் என்று திருப்பி அனுப்பியது. 1971இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிந்தது. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்தது. அக்கேள்விக்கு விடை வராமலே போயிற்று. “கோமறைக் கழகம் சிங்களச் சட்டத்தை நிராகரித்தது” என்று மேடைகளில் முழங்கியோர் அத்தீர்ப்பை முழுதும் படித்திருக்க மாட்டார்கள்.

தீர்ப்பின் தலைப்பில் சிறு எழுத்தில் அச்சிடப்பட்ட சுருக்கம் அறிக்கை ஆசிரியர் எழுதியது, நீதிபதி எழுதியதன்று. அவசரத்துக்கு அது உதவும், ஆதாரமாகாது. நீதிபதி போகிற போக்கில் சொன்ன கருத்துக்கும், வழக்கைத் தீர்ப்பதற்கு அவருக்கு இன்றியமையாதிருந்த காரணத்துக்கும் வேறுபாடு உண்டு, பின்னையதே கட்டுப்படுத்தும். எத்தனை நீதிபதிகள் அமர்ந்தனர், எவரேனும் மாறுபட்டனரா என்பனவும் தீர்ப்பின் எடையைக் கூட்டும், குறைக்கும்.

இக்காலத்தில் கேட்ட கேள்விக்கு உடனே விடையெழுதித் தரும் கணினி இயந்திரங்கள் வந்துள்ளன. அவை கேட்டவர் விரும்பும் வழக்கைப் பெயரோடும் பக்க எண்ணோடும் படைத்துத் தந்துவிடுவதும் உண்டு. 2023இல் நியூயோர்க்கில் சட்டத்தரணிகள் இருவர் அவ்வாறு பிறந்த, உலகில் எங்கும் நடவாத வழக்குகளை நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்டி, ஐயாயிரம் டொலர் தண்டம் விதிக்கப்பெற்றனர். இயந்திரம் சொன்ன முகவரிக்குச் சென்று கதவைத் தட்டிப் பார்க்கவேண்டும், வீடே இல்லாதிருக்கலாம்.

இலவசத் தளங்களில் இல்லாதவையும் உள. கண்டி மாவட்ட நீதிமன்றத்தின் தீர்ப்புகள் அச்சேறுவதில்லை. மாகாண மேல் நீதிமன்றங்கள் 1987இன் பதின்மூன்றாந் திருத்தத்தால் தோன்றியவை. குடியியல் மேன்முறையீடுகளைக் கேட்கும் அதிகாரம் 2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் அவற்றுக்கு வந்தது. அவற்றின் தீர்ப்புகளும் பெரும்பாலும் வழக்கேட்டிலேயே உறங்குகின்றன. வழக்கிலக்கம் தெரிந்தால் பதிவறையில் விண்ணப்பித்து, உரிய கட்டணம் கட்டி, உறுதிப்படுத்திய பிரதி பெறலாம்.

எல்லாவற்றினும் பெரிய தடை மொழியே. இந்தியாவில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சிலவற்றின் தமிழ் மொழிபெயர்ப்பை இன்று இலவசமாகப் படிக்க முடிகிறது. அவை கண்டியில் கட்டுப்படுத்துவன அல்ல. மதித்துக் கேட்கத்தக்கவை, அவ்வளவே. கண்டியில் கட்டுப்படுத்தும் கொரயா வழக்கு ஆங்கிலத்தில் இருக்கிறது. மஹய்யாவ மாமாவின் வழக்கு நடக்கும்போது நீதிமன்ற ஏடு சிங்களத்தில் எழுதப்படும். அவரோ தமிழில் மட்டுமே படிக்கத் தெரிந்தவர். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை அவருக்கு ஓர் உரிமையைத் தருகின்றது: வழக்காளி தம் மனுக்களைத் தமிழிலே சமர்ப்பிக்கலாம், நீதிமன்ற மொழி தெரியாதவர் அரசின் செலவில் உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் பெறலாம். கேளாதவருக்கு இது தானாக வந்து சேர்வதில்லை. வசதி குறைந்தவர் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். கண்டியிலும் அதன் நிலையம் உண்டு.

அங்கே செல்லும் மருமகன், தாத்தாவின் உறுதிப் பிரதி, காணிப் பதிவகத்தில் எடுத்த பதிவுக் குறிப்பு, தாத்தாவின் மரணச் சான்றிதழ், அம்மாவின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றோடு நான்கு வழக்குகளின் முகவரிகளையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போகவேண்டும். அவற்றுள் மாமாவுக்குச் சார்பான 21 நியூ லோ ரிப்போர்ட்ஸ் 12உம் இருத்தல் வேண்டும்.